பாதி பச்சை, பாதி அரக்கு

3.6.24 திங்கள்

முதலில் நல்ல விஷயங்களை எழுதிவிடுகிறேன்.

என் மகன் தெய்வேந்திரனின் மூத்த பிள்ளை கௌதமன் ஓசூரில் இஞ்சினியர். போன மாதம் அவனுக்குக் கீழே பதினோரு பேரைப் போட்டிருக்கிறார்கள். பதினோரு பேரும் அவனைவிட வயசில் மூத்தவர்களாம். என் மகளின் பிள்ளை நந்திதா நாமக்கல்லில் மாட்டு டாக்டருக்குக் கடைசி வருஷம் படிக்கிறாள். போன வாரம் வயிற்றுக்குள் தலை மாறிக் கிடந்த கன்றைக் கையை விட்டுத் திருப்பி எடுத்தாள். தாயும் சுகம், கன்றும் சுகம். அவள் தம்பி தருண் எட்டாம் வகுப்பு. சதுரங்கத்தில் மாவட்டத்திலேயே இரண்டாவது. முதலாவது வந்த பையனுக்கு அன்றைக்கு நேரம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

மூணு பேர் போட்டோவும் கூடத்துச் சுவரில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் எதிலாவது ஜெயித்தால் போட்டோ எடுத்து எனக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். போனில் வருவது கணக்கில் சேராது. தபால்காரர் கோட்டைச்சாமி "சீனியம்மா, கவர்!" என்று சத்தம் போடுவார். நான் ரோட்டில் நின்றே பிரிப்பேன். நாலு பேர் எட்டிப் பார்த்தால்தான் ஜெயித்தது ஜெயித்த மாதிரி.

ஆணி மட்டும் நாலு இருக்கிறது. நாலாவது போட்டோவின் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. அதனால் எடுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று முன்தினம் காலையில் குளியலறையில் வழுக்கி வலது கணுக்கால் எலும்பு ஒடிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஜூலை பதினைந்து அன்று தேனி ஆஸ்பத்திரியில் பிரிப்பார்கள். அதுவரை காலை ஊன்றக் கூடாது.

நந்திதா போனில் சொன்னாள்: "அம்மாச்சி, படுத்துக்கிட்டே ஈஸ்வரி அத்தைய விரட்டாதீங்க. அந்தப் பாதி பச்சைக் கார் கதைய எழுதி வைங்க."

"நான் அஞ்சாப்புதாண்டி."

"அஞ்சாப்புக்குள்ள எல்லா எழுத்தும் முடிஞ்சிருச்சுல்ல? அதுக்கு மேல புதுசா எழுத்து எதுவும் கிடையாது அம்மாச்சி."

அது சரிதான். கௌதமன் கொடுத்த பழைய கம்பெனி டைரி. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு என் தேதியைப் போட்டுக்கொள்கிறேன்.

4.6.24 செவ்வாய்

கட்டுக்குள் அரிப்பு. தென்னங்குச்சி உதவியது. டாக்டரிடம் சொல்ல வேண்டாம்.

6.6.24 வியாழன்

காரைப் பற்றி.

என் பிறந்த வீடும் இதே போடிதான், ரயில்வே ஸ்டேஷன் பக்கம். அடுத்த வீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அக்கா பிரகாசி, தம்பி லாசர். ரெண்டு பேருக்கும் நாற்பது தாண்டியிருக்கும். ரெண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் அவளை அத்தை என்பேன், அவரைச் சித்தப்பா என்பேன். அவர்கள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள், நாங்கள் வேறு. ஆனாலும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

அவர்கள் அப்பா மலைமேல் எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரைக்குச் சமையல்காரராக இருந்தவர். துரை ஊருக்குக் கப்பலேறும்போது காரை அவரிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். அன்பில் கொடுத்தாரா, யாரும் வாங்க மாட்டார்கள் என்று கொடுத்தாரா, எனக்குத் தெரியாது. துணிக் கூரை, கட்டை வண்டி மாதிரி உயரச் சக்கரம், மூக்கில் ஒரு கம்பியைச் சொருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். சுற்றுகிறவர் உடனே கையை எடுக்காவிட்டால் கம்பி திருப்பி அடித்துவிடும். லாசர் சித்தப்பாவின் வலது கட்டைவிரல் அதனால்தான் கோணல்.

அவர்கள் அப்பா செத்ததும் காருக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க நினைத்தார்கள். அத்தை அரக்கு என்றாள். சித்தப்பா பச்சை என்றார். மூணு நாள் சண்டை. நாலாம் நாள் காலையில் அத்தை டிரைவர் பக்கத்துப் பாதியை அரக்கில் அடித்து முடித்திருந்தாள். சித்தப்பா கடைக்குப் போய்ப் பச்சை வாங்கிவந்து மறுபாதியை அடித்தார். நடுவில் கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். சண்டையிலும் வேலை சுத்தம்.

அன்றிலிருந்து ரெண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. நான் பிறப்பதற்கு முந்தின கதை இது.

9.6.24 ஞாயிறு

மருமகள் ஈஸ்வரி சாம்பாரில் பெருங்காயம் போட மறந்துவிட்டாள். சொன்னேன். "கால்ல கட்டு, நாக்குல இல்ல போல" என்கிறாள். இருக்கட்டும்.

நாலாவது ஆணியைப் பற்றி எழுதாமல் விட்டால் நாளைக்கு இதைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள். அது தெய்வேந்திரனின் ரெண்டாவது பிள்ளை ராகினி. பி.காம். காலேஜிலேயே முதல். மெடலோடு எடுத்த போட்டோ. மதுரையில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் ஏசி ரூமில் வேலை பார்த்தாள். ஒரு வருஷத்தில் "மூச்சு முட்டுது அப்பத்தா" என்று விட்டுவிட்டு வந்தாள். வந்து என்ன செய்கிறாள் என்றால், ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலையில் ஜீப் ஓட்டுகிறாள். பிப்ரவரியில் நாலு வார்த்தை சொன்னேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முந்தல் ரோட்டில் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். அதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

எனக்கு அதனால் ஒன்றும் இல்லை.

எங்கள் வீடு மலைக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு ஜீப்புகள் வரிசையாகப் போகும். ஒரு ஜீப் மட்டும் எங்கள் முக்கில் ரெண்டு தடவை ஹாரன் அடிக்கும். தூங்குகிறவர்களைப் பற்றிக் கவலையே கிடையாது.

12.6.24 புதன்

அத்தையும் சித்தப்பாவும் பேசாமல் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்று நந்திதா கேட்டாள். என்னை வைத்துத்தான்.

நான் அப்போது அஞ்சாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் அவர்கள் வீட்டில்தான் இருப்பேன், ரொட்டி வாசத்துக்காக. அத்தை அவள் அப்பாவிடம் கற்றுக்கொண்டு ரொட்டி சுடுவாள். வெள்ளிக்கிழமைதோறும் அறுபது ரொட்டி மலைமேல் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போகும். ரெண்டு பேரும் ஒரே அறையில் மூணடி தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு இப்படி நடக்கும்:

"சீனி, உன் சித்தப்பாகிட்டச் சொல்லு, சாப்பாடு ஆறுதுன்னு."

"சீனி, உன் அத்தைகிட்டச் சொல்லு, காது எனக்கு நல்லாத்தான் கேக்குதுன்னு."

"கேக்குதுன்னா எந்திரிச்சு வரச் சொல்லு."

"குழம்புல உப்புக் கொஞ்சம் தூக்கலா இருந்தா நேத்து மாதிரி வரலைன்னு சொல்லு."

நான் நடுவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்புவேன். திருப்பித் திருப்பிக் கழுத்து வலித்ததால் வார்த்தையைச் சுருக்க ஆரம்பித்தேன். சுருக்கப் போய் மாற்றவும் ஆரம்பித்தேன். அத்தை அடுப்படியில் இருந்தால் மாற்றுவது சுலபம். ஒரு நாள் சித்தப்பா "உப்பு வாயில வைக்க முடியல, சொல்லு" என்றார். நான் உள்ளே போய் "உப்பு அமிர்தமா இருக்காம்" என்றேன். அத்தை முகம் மலர்ந்து மூணு நாள் அதே உப்பைப் போட்டாள். சித்தப்பா மூணு நாளும் தண்ணீர் குடித்தே வயிற்றை நிரப்பினார்.

13.6.24 வியாழன்

ராகினி அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். ஈஸ்வரி போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அத்த, வீக்கம் வத்துச்சான்னு கேக்குறா" என்றாள்.

"கால் ஒடிஞ்ச கிழவிய விசாரிக்க மலையிலருந்து நேரம் கெடைக்குதான்னு கேளு."

ஈஸ்வரி போனில் சொன்னது: "வத்திருச்சாம்டி. உன்னைச் சாப்புட்டியான்னு கேக்குது."

நான் அப்படிக் கேட்கவே இல்லை. திருத்தச் சொல்லவும் இல்லை. வாயில் வெற்றிலை இருந்தது.

17.6.24 திங்கள்

தெய்வேந்திரன் சொன்னான், பதினைந்தாம் தேதி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ சொல்லிவிடலாம் என்று. அதற்குள் ஈஸ்வரி போனோடு வந்தாள். "அத்த, அன்னைக்கு லீவு போட்டுட்டு அவளே ஜீப்புல கூட்டிட்டுப் போறாளாம். வருவீங்களான்னு கேக்குறா."

"ஆட்டோ இருக்குன்னு சொல்லு."

ஈஸ்வரி போனில்: "யோசிச்சுச் சொல்லுதாம்."

இவளுக்கு இது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

18.6.24 செவ்வாய்

கார் மலை ஏறுகிற விதத்தை எழுத வேண்டும். அதுதான் முக்கியம். தருண் நம்ப மாட்டேன் என்கிறான்.

அந்தக் காருக்குப் பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில். பெட்ரோல் தானாக இஞ்சினுக்கு ஓடி இறங்க வேண்டும், தள்ளிவிட உள்ளே எதுவும் கிடையாது. சமதளத்தில் பிரச்சினை இல்லை. மேட்டில் ஏறினால் மூக்கு மேலே போய்விடும், டேங்க் கீழே தங்கிவிடும். பெட்ரோல் மேல் நோக்கி ஓடுமா? இருமி இருமி நின்றுவிடும். அதனால் முந்தல் அடிவாரம் வரை நேராகப் போவார்கள். அங்கே வண்டியைத் திருப்பி, மேலே பதினேழு கொண்டை ஊசி வளைவையும் பின்பக்கமாகவே ஏறுவார்கள். சத்தியம். பின்பக்கமாக ஏறினால் டேங்க் மேலே, இஞ்சின் கீழே. பெட்ரோல் சொன்ன பேச்சுக் கேட்கும்.

ஓட்டுவது அத்தை. அவள் அப்பாவின் பழைய தொப்பி தலையில். அந்தக் காலத்தில் போடியில் கார் ஓட்டின ஒரே பொம்பளை அவள்தான். ஆனால் பின்னால் ரொட்டிப் பெட்டி அடுக்கியிருப்பதால் வழி தெரியாது. அதனால் சித்தப்பா பின் சீட்டில் முட்டி போட்டு, போகிற திசையைப் பார்த்துக்கொண்டு வருவார். ஒரு கையில் குடை, ஒரு கையில் பித்தளை மணி. இடது, வலது என்று சொல்ல முடியாது. அவர் முகம் ஒரு திசை, அவள் முகம் ஒரு திசை, அவர் இடது அவளுக்கு வலது. அதற்காக ஒரு பெரிய சண்டை நடந்து, கடைசியில் "மலை", "பள்ளம்" என்று முடிவாகியிருக்கிறது. மலைப்பக்கம் ஒடிக்கணும் என்றால் "மலை!" பள்ளத்துப் பக்கம் என்றால் "பள்ளம்!"

ஆக, வண்டிக்குள் மட்டும் ரெண்டு பேரும் பேசியாக வேண்டும். பேசாவிட்டால் பள்ளத்தில் போய்த்தான் பேச வேண்டும். அவள் கை, அவர் கண். இறங்கியதும் "சீனி, உன் அத்தைகிட்டச் சொல்லு."

22.6.24 சனி

மழைச் சாரல். மலையில் மூடுபனி இறங்கியிருக்கும். இன்று ஹாரன் ஆறு மணிக்குத்தான் கேட்டது. கால் மணி நேரம் தாமதம். பொறுப்பில்லாத வண்டிகள்.

ஈஸ்வரி "என்னத்த, இன்னைக்கு இவ்வளவு சீக்கிரம் முழிச்சிட்டீங்க" என்றாள். முதுகு வலி என்றேன்.

27.6.24 வியாழன்

இதுவரை யாரிடமும் சொல்லாததை எழுதப் போகிறேன். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

அஞ்சாம் வகுப்பில் நான் முதலாவதாகப் பாஸ் பண்ணினேன். அத்தை, "வெள்ளிக்கிழமை உன்னை மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. மலையைத் தினமும் பார்த்து வளர்ந்தவள், ஒரு தடவை ஏறினதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர் அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

"சீனி, அவகிட்டச் சொல்லு. எனக்குப் பத்தடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் பால் ஊத்துன மாதிரி தெரியுது. ஒரு மாசமா இப்படித்தான். நாளைக்கு வண்டி வேணாம்னு சொல்லு. என்னால வழி சொல்ல முடியாது."

நான் அடுப்படிக்குப் போனேன். அத்தை மாவு பிசைந்துகொண்டே, "என்னவாம்?" என்றாள்.

"ரொட்டி வாசம் தெரு முழுக்க வருதாம்."

அத்தை சிரித்தாள்.

கை வலிக்கிறது. நாளைக்கு.

28.6.24 வெள்ளி

மறுநாள் விடியற்காலையில் அத்தை தொப்பியோடு வந்து உட்கார்ந்தாள். சித்தப்பா அவளையே பார்த்தார். பிறகு கம்பியைச் சுற்றிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். நான் அவர் பக்கத்தில், ரொட்டிப் பெட்டிக்கு நடுவில்.

முதல் ஏழு வளைவு நன்றாகத்தான் போனோம். அவருக்கு அந்த ரோடு மனப்பாடம். எட்டாவதில் மூடுபனி. "பள்ளம், பள்ளம், இன்னும் பள்ளம்" என்கிறார். நான் எட்டிப் பார்த்தேன். ரோட்டு ஓரத்துக் கல் இல்லை. எனக்குக் கீழே மரங்களின் தலை தெரிந்தது.

"மலை! அத்தே, மலை! மலை! மலை!"

வண்டி குலுங்கி நின்றது. கல் சரிந்து விழுந்தது, விழுந்த சத்தம் மேலே வரவில்லை. அத்தை இறங்கி, ஒரு பாறாங்கல்லைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். பிறகு பின்னால் வந்து தம்பி முகத்தைப் பார்த்தாள். கையை அவர் கண்ணுக்கு முன்னால் ஆட்டினாள்.

"எத்தனை நாளாடா?"

"நேத்துச் சொல்லிவிட்டேனே."

"என்னத்தச் சொல்லிவிட்ட?"

"கண்ணு தெரியல, வண்டி வேணாம்னு. நீ தெரிஞ்சும் வந்து உக்காந்த. சரி, என்னைய அவ்வளவு நம்புற போலன்னு நெனச்சேன். அதான் ஏறிட்டேன்."

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அழக்கூட இல்லை. அழுதால் பாதி மன்னிப்புக் கிடைத்துவிடும், அது எனக்குத் தெரியும். அதனால் வண்டியிலிருந்து இறங்கி அழாமல் நின்றேன்.

அத்தை தொப்பியைக் கழற்றினாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். தொப்பியை என் தலையில் வைத்தாள்.

"இவ வாய்தான் பொய். கண்ணு நல்லாருக்கு. ஏறுடி. நீ சொல்லு."

மிச்சம் ஒன்பது வளைவும் நான்தான் சொன்னேன். மலை, பள்ளம், மலை, நேரா, பள்ளம். பத்து வயசு எனக்கு. சித்தப்பா என் பாவாடை நாடாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணி மட்டும் அடித்தார். அறுபது ரொட்டியும் நசுங்காமல் போய்ச் சேர்ந்தது.

அந்த மாதிரி ஒரு நாள் எனக்கு அப்புறம் வரவே இல்லை.

1.7.24 திங்கள்

தாமதமாக ஆரம்பித்தேன், ரேஷன் கார்டு தேடுகிற கூத்து.

மிச்சத்தையும் எழுதிவிட வேண்டும். மலையில் எங்களைப் பார்த்த ஒரு லாரிக்காரர் என் அப்பாவிடம் வந்து சொல்லிவிட்டார். ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம், ஊருக்கு அந்தப் பக்கம். பேர் கொடுக்க வேண்டிய திங்கட்கிழமை அப்பா என்னை அனுப்பவில்லை. "கார்ல பின்பக்கமா மலையேறுன புள்ளைய எவன் கட்டுவான்? அஞ்சாப்பு போதும்." பிரகாசி அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, "தினமும் நானே கொண்டுபோய் விடுறேன்ணே" என்று கேட்டாள். அப்பா அவளுக்குப் பாய்கூடப் போடச் சொல்லவில்லை.

அப்பா செய்தது அவர் காலத்துக்குச் சரிதான். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

2.7.24 செவ்வாய்

சரி இல்லை.

3.7.24 புதன்

பிப்ரவரியில் ராகினியிடம் நான் சொன்ன நாலு வார்த்தை: "ஜீப் ஓட்டுறவளை எவன்டி கட்டுவான்?"

எழுதிப் பார்த்தால் நாலுதான்.

9.7.24 செவ்வாய்

இன்று ஜீப்புகள் போயின. ஹாரன் இல்லை.

10.7.24 புதன்

இன்றும் இல்லை. ஈஸ்வரியிடம் ரோட்டில் எல்லா வண்டியும் போகிறதா என்று கேட்டேன். "ஏன்த்த, டிராபிக் போலீஸ் வேலைக்கு மனு போட்டிருக்கீங்களா?"

டைரியில் ரெண்டு பொய் எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டால் அசிங்கமாக இருக்கும். இங்கேயே சொல்லிவிடுகிறேன். கால் ஒடிந்தது குளியலறையில் இல்லை. விடியற்காலையில் ஜன்னல் எட்டாமல் முக்காலி போட்டு ஏறினேன். ஹாரன் கேட்டு எட்டிப் பார்க்கும்போது முக்காலி சாய்ந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்தேன், காக்கிச் சட்டை போட்டிருந்தாள். சட்டை தொளதொள என்றிருந்தது, யாருடையதோ.

இன்னொன்று, போட்டோ கண்ணாடியில் விரிசல் எதுவும் இல்லை.

12.7.24 வெள்ளி

ஹாரன் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. பெருங்காயம் சரியாக இருந்தும்.

14.7.24 ஞாயிறு

ஈஸ்வரி ராத்திரிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று மெஷினை நிறுத்திவிட்டு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அத்த, ஒண்ணு சொல்லுவேன், திட்டக் கூடாது. திங்கக்கெழம அவ மறுபடி கேட்டா, அப்பத்தா ஜீப்புல வருமா வராதா, முடிவாச் சொல்லுன்னு. நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. எனக்கும் அஞ்சு மாசமா ரெண்டு பக்கமும் சர்க்கரை தடவித் தடவி அலுத்துப்போச்சு. வேணாம்னு சொல்லிருச்சுடின்னு சொல்லிட்டேன்."

அதனால்தான் ஹாரன் நின்றிருக்கிறது.

எனக்குக் கோபம் வரவில்லை. நான் இவளைவிடச் சின்ன வயசில் இவளைவிடப் பெரிய பொய் சொன்னவள்.

"போனைப் போட்டு என் கையில குடு."

"நீங்களா?"

"காது எனக்கு நல்லாத்தான் கேக்குது."

மணி அடித்தது. "சொல்லும்மா" என்றாள் ராகினி. ஐந்து மாதமாகக் கேட்காத குரல். என்ன பேசுவது என்று எதுவும் யோசித்து வைக்கவில்லை.

"அம்மா இல்ல, நான்தான். நாளைக்கு எட்டு மணிக்கு முக்குல ஹாரன் அடி. ரெண்டு தடவ."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"அப்பத்தா."

"ம்."

"மூணு தடவ அடிக்கிறேன்."

15.7.24 திங்கள்

ஏழே முக்காலுக்கே அடித்துவிட்டாள். மூணு தடவை.

வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டு, "என்ன அப்பத்தா, ஆட்டோ வரலையா?" என்றாள்.

"வந்தான். அவன் ஹாரன் சரியில்ல, போகச் சொல்லிட்டேன்."

ஜீப் ரொம்ப உயரம். தெய்வேந்திரன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் தூக்கி முன் சீட்டில் வைத்தார்கள். அவனும் ஈஸ்வரியும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். தெருவே பார்த்தது. பார்க்கட்டும். எதிர்வீட்டுப் பவுனுத்தாய் "யாரு, பேத்தியா ஓட்டுது?" என்று கேட்டாள். தெரியாதவள் மாதிரி கேட்கிறாள், எல்லாம் தெரியும். "ஆமா. மலையில தினம் பன்னெண்டு பேர் உயிர அவ கையில குடுத்துட்டுப் போறாங்க" என்றேன். ராகினி ஸ்டியரிங்கைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தார்கள். காலா அது, உரித்த பனங்கிழங்கு மாதிரி இருந்தது. ஊன்றலாம், மெதுவாக. தென்னங்குச்சி ஒன்று உள்ளே இருந்து விழுந்தது. டாக்டர் பார்த்தார், நான் மேலே பார்த்தேன்.

திரும்பி வரும்போது வீட்டு முக்கில் வண்டி மெதுவாகப் போனது.

"நேரா போ" என்றேன்.

"எங்க அப்பத்தா?"

"எட்டாவது வளைவு."

பின்னாலிருந்து தெய்வேந்திரனும் ஈஸ்வரியும் "இப்பவா?", "காலு?" என்று ஏதோ சொன்னார்கள். முந்தல் தாண்டியதும் அடங்கிவிட்டார்கள். ஏறும்போதே எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை, அரக்கு, உப்பு, பொய், தொப்பி. அப்பா சொன்னதையும் சொன்னேன். பிப்ரவரியில் நான் சொன்னது யார் வார்த்தை என்றும் சொன்னேன். ராகினி ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எட்டாவது வளைவில் ஓரமாக நிறுத்தினாள். இப்போது அங்கே நல்ல சிமெண்டுச் சுவர் இருக்கிறது.

"அப்புறம் அவங்க ரெண்டு பேரும் என்ன ஆனாங்க?"

"ரொட்டி பஸ்ஸுல போச்சு. கார் அதுக்கப்புறம் மலையேறவே இல்ல. கொல்லையில நின்னுச்சு, உள்ள கோழி முட்டை போட்டுச்சு. ஆனா தினம் சாயங்காலம் ரெண்டு பேரும் அதுல ஏறி உக்காருவாங்க. அவ முன்னால, அவரு பின்னால. அதுக்குள்ள உக்காந்தா மட்டும் பேச்சு வந்துரும். பேசுவாங்க, பேசுவாங்க, இருட்டுற வரைக்கும். எறங்குனதும் 'சீனி, அவன்கிட்டச் சொல்லு.'"

ஈஸ்வரி பின்னால் சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"நான் பேசுறதுக்கும் வண்டி வேண்டியதா இருக்கு பாரு" என்றேன். ராகினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் கிரீஸ்.

இன்னும் கொஞ்சம் மேலே ஏறும்போது எதிரே ஏலக்காய் மூட்டை லாரி. இடம் இல்லை. ராகினி பின்பக்கமாக எடுத்தாள். எனக்கு என்ன வந்ததோ, கழுத்தைத் திருப்பிக்கொண்டு, "மலை! மலை! கொஞ்சம் பள்ளம்! மலை!" என்று கத்தினேன்.

"அப்பத்தா, கண்ணாடி இருக்கு!"

"கண்ணாடி இருக்கட்டும். நான் இருக்கேன்ல."

அவள் நான் சொன்னபடியே ஒடித்தாள். சத்தியமாக. லாரிக்காரன் போகும்போது சலாம் போட்டான்.

16.7.24 செவ்வாய்

ராகினிக்கு,

நேற்றே வீட்டுக்கு வந்துவிடு என்று சொல்லியிருப்பேன். உன் சிநேகிதி வீடு ஜீப் ஸ்டாண்டுக்குப் பக்கம் என்று சொன்னாய், சரி. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இங்கே. உப்பு அம்மாவைக் கேட்டுக்கொள், என்னைக் கேட்காதே. இந்த டைரியை உன் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு நந்திதாவுக்கு அனுப்பு. முதல் பக்கத்தில் மூணு பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை, கிழவி எப்படி இருந்தாள் என்று தெரிய வேண்டும். ஓரத்தில் உன்னைச் சேர்த்திருக்கிறேன்: ராகினி, போடிமெட்டு மலையில் பதினேழு வளைவு, தினம் ஏற்றம் இறக்கம், இதுவரை ஒரு கீறல் இல்லை.

மெடல் போட்டோவை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தேன். நல்ல போட்டோதான். ஆனால் அதில் இருப்பது மூச்சு முட்டுகிற பிள்ளை. எனக்குப் புதுசு வேண்டும். ஸ்டூடியோ வேண்டாம், சேலை வேண்டாம். காக்கிச் சட்டையைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொள். ஸ்டியரிங்கில் கையை வைத்து, பின்னால் உன் தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, மலை தெரிய எடுக்கச் சொல்.

ஒரே ஊர்தானே என்று கையில் கொண்டுவந்து கொடுத்துவிடாதே. போனிலும் வேண்டாம். கோட்டைச்சாமி வாசலில் நின்று சத்தம் போட வேண்டும், நான் ரோட்டில் நின்று பிரிக்க வேண்டும், பவுனுத்தாய் பார்க்க வேண்டும். இப்போது நிற்கக் கால் இருக்கிறது. மற்ற மூணு போட்டோ சைஸ்தான், ஆணி அப்படியே இருக்கிறது. ஸ்டாம்பு ஒட்டித் தபாலில் போடு.